கோல்டன் மைல் டவர் ஐந்தாம் மாடி மூடிவிட்டது. சின்னப் படங்களை இனி எங்கே போய்ப் பார்ப்பது?

உட்லண்ட்ஸ்_கயல்
24 ஆகஸ்ட் 2025, ஞாயிறு, காலை 10.40

சிங்கப்பூரில் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. ஆனால் படம் பார்க்கிறவர்களுக்கு ஆகஸ்ட் ஒரு பருவம்தான். ஜூன் விடுமுறைக்கு வந்த பெரிய ஆங்கிலப் படங்கள் ஓய்ந்திருக்கும். தேசிய தினத்தை ஒட்டி உள்ளூர்ப் படங்கள் தலைகாட்டும். ஆவிகள் வெளியே உலவுவதாக நம்பப்படும் சீனர்களின் ஏழாம் மாதம் பிறந்தால் பேய்ப் படங்கள். மே மாதம் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் பேசப்பட்டவற்றில் ஒன்றிரண்டும் மெல்ல வந்து சேரும். இந்த நாள்களில்தான் நான் பீச் ரோட்டில் கோல்டன் மைல் டவர் ஐந்தாம் மாடியில் இருந்த ‘புரொஜெக்டர்’ என்ற சின்ன அரங்குக்கு அதிகம் போவேன்.

இந்த ஆண்டு 14ஆம் தேதி ‘கூலி’ வெளியானது. நானும் தம்பியும் முதல் வாரமே பார்த்தோம், அரங்கு நிறைந்த கூட்டம், சந்தோஷமாக இருந்தது. அது வெளியாகி ஐந்தே நாளில், 19ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, ‘புரொஜெக்டர்’ அரங்கு மூடப்படுகிறது என்று அறிவிப்பு. வாடகையும் செலவும் ஏறிவிட்டன, மக்கள் படம் பார்க்கும் பழக்கம் மாறிவிட்டது என்றார்கள். ஒரு கடைசிக் காட்சிக்குக்கூட நேரமில்லை. 2014இல் தொடங்கியது, பதினோரு ஆண்டு.

அப்பாவை ஒரு முறை அங்கே கூட்டிப்போனேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், எம்ஜிஆர் படம் தவிர வேறெதற்கும் அசையமாட்டார். அன்று ஓர் ஈரானியப் படம். ‘கிரீன் ரூம்’ என்ற கூடத்தில் அந்தப் பழைய மடக்கு நாற்காலி, உட்கார்ந்தால் கிரீச்சென்று சத்தம் போடும். படத்தில் ஒரு தகப்பன் பழைய மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்க்கிறார், கிளம்பவில்லை. அப்பா என் பக்கம் சாய்ந்து, “பிளக்கில் எண்ணெய் ஏறியிருக்கும், கழற்றித் துடைக்கச் சொல்லு” என்றார். சப்டைட்டிலில் பாதிதான் அவரால் படிக்க முடிந்தது. வெளியே வந்து லிஃப்டுக்கு நிற்கும்போது, “நம்ம பெரியப்பா மாதிரியே இருந்தான் அந்த ஆளு” என்றார். பேருந்தில் உட்லண்ட்ஸ் வரைக்கும் பெரியப்பா கதைதான். எனக்கு அதுவரை தெரியாத கதைகள். அப்பா இப்போது இல்லை.

இனி அப்படிப்பட்ட படங்களை எங்கே பார்ப்பது? இந்த ஆகஸ்ட், செப்டம்பரில் யாராவது நல்லது எதையாவது பார்த்தீர்களா? வேறு அரங்குகள் தெரிந்தால் எழுதுங்கள்.

---

தேக்கா_முத்து
24 ஆகஸ்ட், காலை 11.15

அக்கா, செய்தி வந்த அன்று நானும் நம்பவில்லை. நிறைய பேர் இதைக் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் என்று எழுதுகிறார்கள். அது தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடைகள் இருந்த பக்கத்துக் கட்டடம், 2021இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது அதைத்தான். அரங்கு இருந்தது டவரில். 1973இல் கோல்டன் தியேட்டர் என்ற பெயரில் 1,500 இருக்கையோடு திறந்த இடம். அந்த நாளில் சிங்கப்பூர், மலேசியா இரண்டுக்கும் அதுதான் பெரிய கொட்டகை. நீங்கள் சொல்லும் மடக்கு நாற்காலி அந்தக் காலத்துச் சரக்கு.

---

கணக்கர்_பொங்கோல்
24 ஆகஸ்ட், பிற்பகல் 1.05

மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மூடிய பிறகு அழுகிறோம். திறந்திருந்தபோது எத்தனை பேர் போனோம்? நான் இரண்டே முறை போனேன். இரண்டு முறையும் இருநூறு இருக்கையில் இருபது தலைகூட இல்லை. ஒருவர் வந்தாலும் இருநூறு பேர் வந்தாலும் குளிர்சாதனம் ஒரே அளவுதான் ஓட வேண்டும், வாடகையும் அதேதான். டிக்கெட் பணத்தில் பாதிக்கு மேல் விநியோகஸ்தருக்குப் போய்விடும். மீதியில் சம்பளம், மின்சாரம், சப்டைட்டில், தணிக்கைக் கட்டணம். தின்பண்டமும் பானமும் விற்றுத்தான் தாக்குப்பிடிக்க வேண்டும். இந்தக் கணக்கு எந்த நாட்டிலும் நிற்காது.

என் வீட்டில் 65 அங்குலத் திரை இருக்கிறது. பிள்ளை தூங்கிய பிறகு ஒன்பதரைக்கு உட்கார்ந்து பார்க்கிறேன். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் அதுதான் முடியும்.

---

உட்லண்ட்ஸ்_கயல்
24 ஆகஸ்ட், பிற்பகல் 2.30

கோபம் இல்லை சார். கணக்கு சரிதான். நானும் “அடுத்த வாரம் போகலாம்” என்று தள்ளித் தள்ளி எத்தனையோ படங்களை விட்டிருக்கிறேன். சின்னப் படத்துக்கு அடுத்த வாரம் என்பதே இல்லை, வெள்ளி சனியில் கூட்டம் இல்லையென்றால் செவ்வாய்க்கிழமை காலைக் காட்சிக்குத் தள்ளிவிடுவார்கள், அதோடு சரி. ஆனால் வீட்டுத் திரையில் அப்பா அந்தப் படத்தைப் பத்து நிமிடம்கூடப் பார்த்திருக்க மாட்டார், எழுந்து போய் வானொலியைத் திருகியிருப்பார். இருட்டில் உட்கார்ந்தாயிற்று, எழுந்து போக வழியில்லை. அதனால்தான் பார்த்தார், அதனால்தான் பெரியப்பா கதை வந்தது.

---

ரீல்பெட்டி
24 ஆகஸ்ட், இரவு 9.20

அம்மா கயல், உங்கள் அப்பா பிளக்கைப் பற்றிச் சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கு எழுபத்தாறு வயது. பேரன்தான் தட்டச்சு செய்கிறான்.

நான் கொட்டகையில் படம் ஓட்டும் ஆபரேட்டராக இருந்தவன். பதினெட்டு வயதில் ஒரு கொட்டகையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் தமிழ்ப் படம் என்றால் நார்த் பிரிட்ஜ் ரோட்டில் ராயல், டைமண்ட். மெக்கென்சி ரோட்டு ரெக்ஸ் 1946இல் திறந்தது. சனி இரவு ராயல் வாசலில் கச்சான் விற்பவர் தராசைக் கீழே வைக்க நேரம் இருக்காது.

பெட்டியில் வரும் ரீல் ஒவ்வொன்றும் ஆயிரம் அடி, பதினோரு நிமிடம். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடிக்குக் குறையாது. இரண்டிரண்டாக ஒட்டி இரண்டாயிரம் அடியாக்கி, இரண்டு மெஷினில் மாற்றி மாற்றி ஓட்டுவோம். ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் சின்னதாக ஒரு புள்ளி மின்னும். அதைப் பார்த்ததும் அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழு நொடி கழித்து இன்னொரு புள்ளி. அப்போது ஒளியையும் ஒலியையும் மாற்ற வேண்டும். தவறினால் திரை வெள்ளையாகிவிடும், ஜனம் விசிலடிக்கும். மெஷினுக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சி எரிய எரிய அதை நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் வெளிச்சம் மஞ்சளாகிவிடும். அந்த அறையின் சூட்டில் நான்கு மணி நேரம் நின்றால் சட்டையைப் பிழியலாம். இன்றைக்கும் எந்தப் படம் பார்த்தாலும் என் கண் அந்த மூலைக்குத்தான் போகிறது. புள்ளி வராது என்று தெரியும், இருந்தாலும் போகிறது.

கணக்கர் தம்பி, ஆள் இல்லாத காட்சியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கு ஒன்று சொல்ல வேண்டும். கொட்டகை வேலை குறைந்த பிறகு, ஏழாம் மாதத்தில் சீனக் கோயில்களுக்குத் திறந்தவெளியில் படம் காட்டப் போவேன். முதலாளி லாரியில் மெஷினை ஏற்றி அனுப்புவார். இரண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டுவோம். அந்தப் படம் மனிதருக்கு இல்லை, சாமிக்கும் ஆவிகளுக்கும். பார்க்க யாரும் வராவிட்டாலும் ஓட வேண்டும். ஓர் இரவு தூறல் பிடித்துக்கொண்டது. இருந்த நாலைந்து பேரும் கோயில் தாழ்வாரத்துக்குப் போய்விட்டார்கள். மெஷினுக்கு மேல் குடையைக் கட்டிவிட்டு நான் நின்றேன். ஈரத் துணியில் படம் நெளிந்து நெளிந்து ஓடியது. கோயில் கிழவர் குடை பிடித்துக்கொண்டு வந்து, எனக்கு ஒரு கோப்பை கோப்பி கொடுத்துவிட்டு, வெறும் நாற்காலிகளைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார்.

நேற்றுத்தான் ஏழாம் மாதம் பிறந்திருக்கிறது. அந்த ஐந்தாம் மாடியில் இப்போது யாரும் இல்லை என்று நினைக்கும்போது எனக்கு அந்த இரவு ஞாபகம் வருகிறது.

---

தேக்கா_முத்து
24 ஆகஸ்ட், இரவு 10.02

ஐயா, உங்கள் பேரனிடம் சொல்லி இன்னும் எழுதுங்கள். இதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை.

---

மவுண்ட்_சோபியா
25 ஆகஸ்ட், காலை 8.10

இது முதல் மூடுவிழா இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேத்தே திரையரங்கு நிறுவனம் 1990இல் பிக்சர்ஹவுஸ் அரங்கைத் திறந்து கலைப்படங்களுக்கென்று ஒதுக்கியது. சப்ஸ்டேஷன் கலை மையம் 1997 முதல் குறும்படங்களுக்கு இடம் கொடுத்தது, 2021இல் ஆர்மீனியன் ஸ்ட்ரீட் கட்டடத்தை விட்டு வெளியேறியது. என் பெயருக்குக் காரணமான மவுண்ட் சோபியாவில், பழைய பெண்கள் பள்ளிக்கூட வளாகத்தில், 2007இல் சினிமா ஓல்ட் ஸ்கூல் வந்தது. உள்ளூர்ப் படங்களை மட்டுமே நம்பித் தொடங்கிய அரங்கு அது, ஐந்து ஆண்டில் போயிற்று. ஒவ்வொரு முறையும் யாரோ சிலர் சொந்தப் பணத்தைப் போட்டுத் தொடங்குகிறார்கள், நாம் வாழ்த்துகிறோம், அவர்கள் களைத்துப்போகிறார்கள்.

கயல் கேட்டதற்குப் பதில்: கேனிங் ரைஸில் தேசிய ஆவணக் காப்பகக் கட்டடத்துக்குள் ஓல்டம் அரங்கு இருக்கிறது. 132 இருக்கை. ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நடத்துகிறது. அந்த அமைப்பு 2005இல் தனியாகத் தொடங்கி, 2014இல் தேசிய நூலக வாரியத்தின் கீழ் வந்தது. பழைய படச்சுருள்களைச் சீரமைத்துக் காட்டுகிறார்கள். பிராஸ் பசா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். கடைசியில் கொஞ்சம் ஏற்றம், வயதானவர்கள் மெதுவாக வரவும்.

அங்கே பழைய மலாய்ப் படங்கள் போட்டால் விடாதீர்கள். அது நம் வீட்டுச் சொத்தும்கூட. ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் மலாய்ப் பட ஸ்டூடியோ 1967 வரை இயங்கியது. தொடக்க காலத்தில் அங்கே இயக்குநர் நாற்காலியில் இருந்தவர்களில் பலர் இந்தியர்கள். மலாய்த் திரையின் பெரிய நட்சத்திரமான பி. ராம்லியைத் திரைக்குக் கொண்டுவந்தவர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ், 1948இல். அவரை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன், 1950இல். அந்தப் படங்களில் அம்மா அழும் காட்சியைப் பாருங்கள், தங்கச்சிக்காக அண்ணன் உருகுவதைப் பாருங்கள். மொழிதான் மலாய், நெஞ்சு எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரிந்துவிடும். என் பாட்டிக்கு இரண்டு மொழிப் படமும் ஒன்றுதான், இரண்டிலும் ஒரே இடத்தில் அழுவார்.

---

கணக்கர்_பொங்கோல்
25 ஆகஸ்ட், பிற்பகல் 12.40

அப்படியென்றால் அரசு ஆதரவு இருந்தால்தான் நிற்கும் என்று ஆகிறது. நான் சொன்னதும் அதுதானே.

---

மவுண்ட்_சோபியா
25 ஆகஸ்ட், பிற்பகல் 1.15

பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆவணக் காப்பகத்தின் வேலை பழையதைக் காப்பாற்றுவது. போன மாதம் முடிந்த ஒரு புதுப் படத்தை, யாரும் கேள்விப்படாத இயக்குநரின் படத்தை, இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்கிற துணிச்சல் தனியார் சின்ன அரங்குக்குத்தான் இருந்தது. அந்த இடம் இப்போது காலி.

இன்னொன்று. மக்கள் நினைப்பதைவிட இது சிரமமான வேலை. ஒரு சின்ன அரங்கில் (பெயர் வேண்டாம்) சில மாதம் தொண்டூழியம் செய்தேன். இப்போது படம் வன்தட்டில் வருகிறது, ஆனால் பூட்டி வரும். அதைத் திறக்கும் சாவி தனியாக மின்னஞ்சலில் வரும். அந்தச் சாவி ஒரே ஒரு மெஷினுக்கு, குறித்த நேரத்திலிருந்து குறித்த நேரம் வரைதான் வேலை செய்யும். ஒரு நாள் அனுப்பியவர் வேறு நாட்டு நேரத்தைப் போட்டுவிட்டார். ஏழு மணிக் காட்சி, சாவி எட்டுக்குத்தான் திறக்கும். பதினோரு பேர் வந்திருந்தார்கள். நான் நடைபாதைக்குப் போய் நிலைமையைச் சொன்னேன். ஒருவர்கூடத் திரும்பிப் போகவில்லை. தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாது பையிலிருந்து கரிப்பாப் பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் நீட்டினார். எட்டு மணிக்குப் படம் தொடங்கியது. பதினோரு பேர்தான், ஆனால் அவர்களை என்னால் மறக்க முடியவில்லை.

---

ரீல்பெட்டி
25 ஆகஸ்ட், மாலை 6.30

சாவி விஷயம் புதிது. எங்கள் காலத்தில் பெட்டியை வைத்திருந்தவன் ராஜா.

---

மதுரைக்காரி_ஜூரோங்
26 ஆகஸ்ட், இரவு 8.45

சென்ற ஆண்டு இதே ஆகஸ்டில் ஊருக்குப் போயிருந்தேன். 23ஆம் தேதி ‘கொட்டுக்காளி’யும் ‘வாழை’யும் ஒரே நாளில் வெளியாயின. இரண்டையும் அடுத்தடுத்த நாள் பார்த்தேன். பேய் பிடித்திருக்கிறது என்று ஒரு பெண்ணைக் குடும்பமே சாமியாரிடம் கூட்டிப்போகும் கதை கொட்டுக்காளி. அதில் பின்னணி இசையே கிடையாது. ஷேர் ஆட்டோ சத்தம், சேவல், காற்று, அவ்வளவுதான். எனக்கு முன்வரிசையில் இருந்த இரண்டு பெரியவர்கள் இடைவேளையில் எரிச்சலாகத்தான் பேசிக்கொண்டார்கள். முடிந்ததும் எழுந்திருக்கவே இல்லை. அதில் ஒருவர், “எங்க அக்காவையும் இப்படித்தான் கூட்டிட்டுப் போனாங்க” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

பெர்லின் திரைப்பட விழாவில் திரையிட்ட படம்தான் அது. மதுரை அரங்கில் பார்த்தபோது அது எங்கள் தெருப் படம். அதனால் “கலைப்படம் படித்தவர்களுக்கு” என்று யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரம் வருகிறது. யாருடைய வாழ்க்கையோ அதைப் பற்றிய படத்தை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்காமல் விடுவதுதான் பிரச்சினை.

---

துவாஸ்_தம்பி
26 ஆகஸ்ட், இரவு 11.20

வணக்கம். இங்கே படிப்பேன், எழுதியதில்லை. புதுக்கோட்டைப் பக்கம். கப்பல் பட்டறையில் வெல்டிங், ஆறு வருஷம்.

மதுரை அக்கா சொன்னது எனக்காகச் சொன்ன மாதிரி இருந்தது. எங்கள் விடுதியில் ரஜினி படம், விஜய் படம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை பத்து பேர் சேர்ந்து போவோம். வேறு நாட்டுப் படம் பார்க்க ஆசைதான். போனில் ஒரு கொரியப் படம், ஒரு சீனப் படம் பார்த்தேன். ஆங்கில எழுத்து ஓடும், நான் ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் மூன்றாவது வரி வந்துவிடும். நிறுத்தி நிறுத்திப் படிப்பேன். தியேட்டரில் நிறுத்த முடியாது.

ஒரு முறை லீவில் லாவெண்டரிலிருந்து நடந்து அந்த டவருக்குப் போனேன். ஐந்தாம் மாடி வரை போனேன். சுவரொட்டிகளைப் பார்த்தேன், எல்லாம் ஆங்கிலம். உள்ளே போகலாமா, நம்மை என்ன நினைப்பார்களோ என்று தோன்றியது. டிக்கெட் கொடுக்கிற பெண் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். இப்போது மூடிவிட்டார்கள் என்று படித்தபோது, அன்றைக்கு உள்ளே போயிருக்கலாம் என்று இருக்கிறது.

---

உட்லண்ட்ஸ்_கயல்
27 ஆகஸ்ட், காலை 6.05

தம்பி, நீங்கள் எழுதியதை இரவே படித்துவிட்டேன். வேலைக்குக் கிளம்பும் முன் இதை எழுதிவிட வேண்டும்.

பதினோரு ஆண்டு நான் அந்த இடத்துக்குப் போனேன். எத்தனை தமிழர்களைக் கூட்டிப்போனேன் என்று எண்ணிப் பார்த்தால் அப்பாவோடு சேர்த்து நான்கு பேர். அந்தச் சுவரொட்டியைத் தமிழில் இரண்டு வரி எழுதி யாருக்காவது அனுப்பியிருக்கலாம். நான் செய்யவில்லை.

இனிச் செய்கிறேன். எந்தப் படத்துக்குப் போவதென்று முடிவானதும், கதையின் போக்கை முடிவு சொல்லாமல் ஒரு பக்கம் தமிழில் எழுதி இங்கேயே போடுகிறேன். யார் யாருக்கு என்ன உறவு, எந்த ஊர், எந்தக் காலம் என்று. அதைப் படித்துவிட்டு வந்தால் ஓடும் எழுத்தைத் துரத்த வேண்டாம், முகங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். என் அப்பா அப்படித்தான் பார்த்தார். காட்சி ஞாயிறாக இருக்கட்டும், உங்களுக்கு லீவு அன்றுதானே?

---

மவுண்ட்_சோபியா
27 ஆகஸ்ட், காலை 9.00

நல்ல யோசனை. பழைய மலாய்ப் படம் என்றால் நான் எழுதித் தருகிறேன், பேச்சு எனக்குப் புரியும். உள்ளூர்த் தமிழ்ப் படங்கள் எங்காவது மறுபடி திரையிடப்பட்டால் அதையும் சேர்த்துக்கொள்வோம். சிங்கப்பூர் இயக்குநர் எரிக் கூவின் ‘மை மேஜிக்’ பெரும்பாலும் தமிழில் பேசும் படம், 2008இல் கான் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போன முதல் சிங்கப்பூர்ப் படம் அதுதான். நடிப்பையே தொழிலாகக் கொள்ளாத ஒரு மந்திரவித்தைக்காரர் அதில் தகப்பனாக நடித்தார். நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

---

கணக்கர்_பொங்கோல்
1 செப்டம்பர், இரவு 9.50

இன்று கேத்தே சினிபிளெக்ஸும் மூடிவிட்டது, எஞ்சியிருந்த அரங்குகளோடு சேர்த்து. பெரிய நிறுவனத்துக்கே இதுதான் நிலை என்றால் என் கணக்கில் தவறில்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

ஆனால் துவாஸ் தம்பி ஐந்தாம் மாடியிலிருந்து இறங்கிப் போனது என்னை விடவில்லை. நான் இரண்டு முறை உள்ளே போய், சௌகரியமாக உட்கார்ந்து, தலைகளை எண்ணிவிட்டு வந்தவன். எனக்கும் ஒரு டிக்கெட் போடுங்கள். மனைவியிடம் சொல்லிவிட்டேன், ஒரு ஞாயிறு பிள்ளையை அவர் பார்த்துக்கொள்வார், அடுத்த ஞாயிறு அவர் வருவார்.

---

ரீல்பெட்டி
2 செப்டம்பர், காலை 7.30

நானும் வருகிறேன். பேரன் கூட்டி வருவான். என்னிடம் ஒரு முழ நீளப் படச்சுருள் இருக்கிறது, அறுந்து ஒட்டும்போது மிஞ்சியது. இருபத்து நாலு கட்டம் இருக்கும். ஒரு பெண் திரும்பிப் பார்க்கிறாள், அவ்வளவுதான் அதில். எந்தப் படம் என்று எனக்கே மறந்துபோயிற்று. வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுகிறேன்.

---

உட்லண்ட்ஸ்_கயல்
2 செப்டம்பர், மாலை 7.10

முடிவு இது: ஓல்டம் அரங்கின் அடுத்த அட்டவணை வந்ததும் முதல் ஞாயிறு பகல் காட்சி, என்ன படமாக இருந்தாலும். அரை மணி நேரம் முன்னதாக பிராஸ் பசா எம்ஆர்டி நுழைவட்டைக் கதவருகே நிற்பேன், நீலக் குடை. ஐயாவுக்காக ஏற்றத்தில் மெதுவாக நடப்போம். டிக்கெட்டுகளை நான் சேர்த்து எடுத்துவிடுகிறேன், பணத்தை அன்று கொடுத்தால் போதும். கதைத் தாள் வியாழக்கிழமைக்குள் இங்கே வந்துவிடும். தம்பி, வருகிறீர்கள்தானே?

---

துவாஸ்_தம்பி
2 செப்டம்பர், இரவு 11.45

ஓவர்டைம் முடிந்து இப்போதுதான் பார்த்தேன். வருகிறேன் அக்கா. இரண்டு டிக்கெட் போடுங்கள். என் அறைக்காரர் ஒருவர் தானும் வருவேன் என்கிறார். அவருக்குத் தெலுங்குதான் தெரியும். நீங்கள் போடும் தாளை நான் முதலில் படித்துவிட்டு, துவாஸிலிருந்து வரும் வழியில் அவருக்குச் சொல்லிக்கொண்டே வருகிறேன்.